வாங்குமுன் ஆடிப் பார்த்தல்

குடைவரைக்குள் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரால் பெயர் பெற்ற சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து, ஒரகடத்தின் மோட்டார்த் தொழிற்சாலைகளை ஊடறுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில், இரவு பகல் என்ற பேதமின்றி ஷிப்ட் பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அமர்ந்து செல்லும் இளைஞர்களிலும் யுவதிகளிலும் பலர், வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும், கைபேசியில் ஏதேனும் ஒரு விளையாட்டில் மனத்தைச் செலுத்தியிருப்பதைக் காணலாம். ஆனால் இந்த வட்டாரத்துக்கும் அத்தகைய விளையாட்டுகளுக்கும் உள்ள சம்பந்தம் பொழுதுபோக்கின் சம்பந்தம் மட்டுமன்று. 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா நிறுவனம், 2014-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தத் தொழிற்சாலையை நிறுத்தும் வரையில் கோடிக்கணக்கான கைபேசிகளை அங்கே செய்து அனுப்பிற்று. கம்ப்யூட்டரையோ, டெலிவிஷனில் பொருத்தி ஆடும் பெட்டியையோ வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்குள் வீடியோ கேம் என்பது முதன்முதலாக நுழைந்தது அத்தகைய கைபேசிகளின் வழியாகத்தான்.

நோக்கியாவின் பாம்பு விளையாட்டை நம் நாட்டில் அறியாதவர் அரிது. டானெலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர் எழுதி, 1997-ஆம் ஆண்டில் 6110 என்ற மாடலோடு வெளிவந்த அந்த விளையாட்டு முழுமையானது. கைபேசியை வாங்கியவருக்கு அது முற்றிலும் சொந்தம். பிற்பாடு வண்ணத் திரையோடு வந்த மாடல்களிலோ, இத்தகைய முழு விளையாட்டுகளோடு வேறொரு வகையும் சேர்ந்து வந்தது. பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்து அழுத்தினால் ஆட்டம் குறையொன்றுமின்றித் தொடங்கும். சில நிமிஷங்களோ ஒன்றிரண்டு கட்டங்களோ கடந்து, கை பழகி உற்சாகம் ஏறுகிற சமயத்தில் ஆட்டம் நின்று, மேற்கொண்டு ஆட விரும்புவோர் முழுப் பிரதியை வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். வாங்கும் வழியில்லாத பள்ளிப் பிள்ளைகள் அந்த முதற் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடி, அதிலேயே ஒரு முழு விளையாட்டின் திருப்தியை அடைந்தார்கள். 2008-ஆம் ஆண்டில் நோக்கியா தன் உயர் ரகக் கைபேசிகளுக்காக என்-கேஜ் என்ற சேவையைத் தொடங்கியபோது, வாங்குமுன் விலையின்றி ஆடிப் பார்ப்பது என்ற இந்த முறையையே அதன் பொது விதியாக வைத்துக்கொண்டது.

இப்படி, ஒரு விளையாட்டை உண்டாக்கியவர்களே அதன் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, விலைகொடுக்குமுன் பரீட்சித்துப் பார்க்கும்படி வெளியிடும் பிரதியைத்தான் டெமோ என்கிறார்கள். புத்தகக் கடையில் நின்றபடியே நாலு பக்கம் படித்துப் பார்க்கலாம். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். வீடியோ கேம் என்ற பண்டத்துக்கோ, படத்தைக் கண்டும் வர்ணனையைப் படித்தும் அறிய முடியாத ஒரு குணம் உண்டு: பொத்தானை அழுத்துகிற விரலுக்கும் திரையில் அசைகிற உருவத்துக்கும் இடையே ஏற்படும் இசைவு ஆடுகிறவருக்கு மட்டுமே பிரத்தியட்சமாகத் தெரியக்கூடியது. ஆகையால் இந்த வியாபாரத்தில் டெமோ என்பது சலுகையன்று, நியாயமான தேவையே என்பது என் அபிப்பிராயம். அதில் எத்தனையோ வகைகள் உண்டு. அவற்றை நல்லன என்றும் அல்லன என்றும் பிரித்தறிய எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான். தான் எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் கேட்கப்படும் விலை என்ன என்ற இரண்டையும் அது ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறதா என்பதே அது.

காலத்தால் முற்பட்ட வகை, ஆடுகிறவரே இல்லாமல் நடக்கும் டெமோ. காசு போட்டு ஆடும் யந்திரங்கள் 1970-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடைகளையும் கேளிக்கை மண்டபங்களையும் நிறைத்தபோது, ஆளின்றி நிற்கும் யந்திரம் இருண்ட திரையோடு நின்றால் வழிப்போக்கர் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதை உணர்ந்தவர்கள், காசு விழாத நேரத்தில் யந்திரம் தனக்குத் தானே ஆடிக் காட்டும்படி செய்தார்கள். இந்தியாவில் இதைப் பலர் கண்டது வீட்டு டெலிவிஷனில். 1990-களில் சாமுராய், மீடியா முதலிய பெயர்களோடு நம் ஊர்களில் விற்ற பெட்டிகள், ஜப்பானிய நின்டெண்டோ பெட்டியின் நகல்கள். அவற்றில் செருகிய கேசட்டில் 1985-ஆம் ஆண்டின் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் இருந்தால், தலைப்புத் திரையில் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் சற்று நேரம் விட்டுவைத்தால் போதும், மேரியோ தானே ஓடத் தொடங்கிவிடுவான். ரிமோட் தன் கையில் இருப்பதனால் தானே ஆட்டுவிப்பதாக நம்பி மகிழ்ந்த சிறு குழந்தைகள் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள்.

அந்தத் தானியங்கி ஆட்டத்தின் உள்ளே நடக்கும் காரியம் மிகவும் நேர்த்தியானது. அது சினிமாப் படம்போலப் பதிவு செய்து வைத்த காட்சியன்று. அக்காலத்து யந்திரங்களின் நினைவகத்தில் அத்தகைய காட்சியை வைக்க இடமே கிடையாது. எந்தக் கணத்தில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற குறிப்பை மட்டும் சேமித்து வைத்து, அதையே மீண்டும் விளையாட்டுக்கு ஊட்டினால், அதே பொத்தான்களுக்கு அதே விளைவுகள் உண்டாகி, ஆட்டம் அச்சு அசலாகத் திரும்ப நடக்கிறது. 1993-ஆம் ஆண்டின் டூம் என்ற விளையாட்டு இந்த உபாயத்தைப் பொதுமக்கள் கையிலேயே கொடுத்தது. வினாடி ஒன்றுக்கு 35 முறை, ஒவ்வொரு முறைக்கும் 4 பைட்டுகள் என்ற கணக்கில் அது குறிப்பெழுதியதால், ஒரு நிமிஷத்து வீர தீர ஆட்டம் 8,400 பைட்டுகளில் அடங்கிற்று. அமெரிக்காவில் ஒருவர் ஒரு கட்டத்தை அதிவேகமாகக் கடந்தால், அந்தச் சிறு கோப்பை மற்றொரு நாட்டில் இருப்பவர் பெற்றுத் தம் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அவருடைய ஒவ்வோர் அசைவையும் கண்ணால் கண்டு கற்றுக்கொள்ள முடிந்தது. வியாபாரத்துக்காகத் தோன்றிய ஓர் ஏற்பாடு, ரசிகர்களிடையே குருகுல வித்தைபோல வளர்ந்துவிட்டது.

டூமின் பெயர் வந்துவிட்டபடியால், டெமோக்களின் சரித்திரத்தில் மிகவும் தைரியமான அத்தியாயத்தைச் சொல்லியாக வேண்டும். டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸ்காட் மில்லர் என்ற இளைஞர் தாம் எழுதிய விளையாட்டுகளை எவரும் நகலெடுத்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் விருப்பம்போல் பணம் அனுப்பலாம் என்று முதலில் விட்டுப் பார்த்தார். ஜனங்கள் நகலெடுத்தார்கள், பணம் சொற்பமாகவே வந்தது. அதனால் அவர் 1987-ஆம் ஆண்டில் கிராஸ் என்ற விளையாட்டைப் பல பாகங்களாகப் பிரித்து, முதற் பாகத்தை மட்டும் உலகத்துக்குத் தானமாகக் கொடுத்து, மற்ற பாகங்களை வேண்டுவோர் தமக்கு நேரே பணம் அனுப்பிப் பெற்றுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். ஷேர்வேர் என்று வழங்கிய முறையில் அவர் செய்த இந்த மாறுதல் வெற்றி பெற்றதைக் கண்டு, 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் கமாண்டர் கீன், 1992-ஆம் ஆண்டு மே மாதத்தில் வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்று ஒன்றன்பின் ஒன்றாக அதே பாதையில் வந்தன. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூமின் முதற் பாகத்தை விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தபோது, அதை இறக்கிக்கொள்ள முண்டியடித்த கூட்டத்தின் பளுவை அந்தக் கம்ப்யூட்டர் தாங்க முடியாமற் போயிற்று.

மூன்று பாகங்கள், பாகத்துக்கு ஒன்பது கட்டங்கள்; ஆக இருபத்தேழில் ஒன்பதை இலவசமாகக் கொடுத்து, எஞ்சியதற்கு 40 டாலர் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கை விலையின்றிக் கொடுத்த அந்த ஒன்பது கட்டங்களும் அரைகுறையானவை அல்ல. அவற்றுக்கு ஆதியும் அந்தமும் உண்டு, இறுதியில் கடும் சண்டை உண்டு, அதற்கு அப்பால் இன்னும் இரண்டு பாகங்கள் இருக்கின்றன என்ற தெளிவான அறிவிப்பும் உண்டு. வாங்காதவர் எவரும் ஏமாந்ததாக எண்ண இடமில்லை. வாங்கியவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார். ஃபிளாப்பியில் நகலெடுத்து நண்பனுக்குக் கொடுப்பதை நிறுவனமே வேண்டிக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டில் பள்ளி ஆய்வகங்களிலும் கல்லூரிகளிலும் ஃபிளாப்பிகள் கைமாறிய காலத்தில், விளம்பரத்துக்கு என்றே விடப்பட்ட பிரதி எது, சட்டப்படி நகலெடுக்கக் கூடாத முழுப் பிரதி எது என்ற வேறுபாடு பலருக்குத் தெரியாமலே போயிற்று என்பது வருந்தத்தக்கது. ஏனெனில் முந்தையதைப் பகிர்ந்தவர் அந்த விளையாட்டை உண்டாக்கியவருக்கு உபகாரம் செய்தார், பிந்தையதைப் பகிர்ந்தவர் அபகாரம் செய்தார்.

தாம் ஆடியது டெமோ என்றே அறியாமல் லட்சக்கணக்கானோர் ஆடிய ஒன்றும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இருந்த பின்பால் விளையாட்டை அரசு அலுவலகங்களிலும், பிரௌசிங் சென்டர்களிலும், கணக்கு எழுதும் மேஜைகளிலும் ஆடாதவர் யார்? ஸ்பேஸ் கேடெட் என்ற அந்த விண்வெளி மேடை, 1995-ஆம் ஆண்டில் மேக்ஸிஸ் வெளியிட்ட ஃபுல் டில்ட் பின்பால் என்ற விளையாட்டின் மூன்று மேடைகளில் ஒன்றே. கடற்கொள்ளைக்காரர்களின் புதையல் மேடையும் டிராகன் மேடையும் முழு விளையாட்டை வாங்கியவர்களுக்கே கிடைத்தன. தன் எல்லையைச் சரிவரச் சொல்லாத அந்த மேடை, மற்ற இரண்டும் இருக்கின்றன என்ற செய்தியையே நம்மிடம் கொண்டுவரவில்லை. ஆகவே அதை உலகம் முழு விளையாட்டாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆயினும் டெலிபோன் கம்பி வழியே வந்த அந்த இணைப்பில், எல்லாம் அனுகூலமாக நடந்தாலும் வினாடிக்கு ஐந்து கிலோபைட் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 100 மெகாபைட் டெமோ ஒன்றைப் பெற ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாரேனும் டெலிபோனில் கூப்பிட்டால் இணைப்பே அறுந்துபோகும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவை பத்திரிகைகள். டிஜிட் போன்ற கம்ப்யூட்டர்ப் பத்திரிகைகள் இதழோடு சி.டி.யையும் பின்னர் டி.வி.டி.யையும் வைத்து அனுப்பின. கட்டுரைகளைப் படிக்குமுன் அந்தத் தகட்டில் இம்மாதம் என்ன டெமோ இருக்கிறது என்று பார்க்கும் வாசகர் கூட்டம் ஒன்று தமிழ்நாட்டிலும் உருவாயிற்று. ஒரு மாதம் முழுவதற்கும் இரண்டு மூன்று டெமோக்களே கிடைத்த காலம் அது. ஒரே ஒரு கார்ப் பந்தயப் பாதையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாகிற அளவுக்கு அவற்றை ஆடினார்கள். ஏராளமாகக் கிடைக்கிற இன்றைய நாட்களில் எந்த விளையாட்டும் அத்தனை கவனத்தைப் பெறுவதில்லை.

அந்தத் தகடுகளில் வந்த டெமோக்களும் ஒரே மாதிரியானவை அல்ல. பெரும்பாலானவை முழு விளையாட்டின் ஆரம்பக் கட்டத்தையே வெட்டி எடுத்தவை. வேறு சில, நடுவிலிருந்து ஒரு விறுவிறுப்பான பகுதியைத் தந்தன. அபூர்வமாக, முழு விளையாட்டில் எங்குமே இல்லாத புதிய பகுதியை டெமோவுக்கென்றே இயற்றித் தந்தவர்களும் இருந்தார்கள்: 1999-ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் அப்லிங்க் இத்தகையது. முன்பே முழு விளையாட்டை வாங்கியவரும் அதை நாடி ஆடினார் என்றால், மாதிரியே ஒரு படைப்பாகிவிட்டது என்று பொருள். கால வரம்பு வைப்பது இன்னொரு முறை. 2018-ஆம் ஆண்டில் ஆக்டோபாத் டிராவலரின் டெமோ மூன்று மணி நேரம் ஆட விட்டு, அதுவரை சேர்த்த பலன்களை முழு விளையாட்டுக்கும் எடுத்துச் செல்ல இடம் கொடுத்தது. ஆடியவருடைய உழைப்பு வீண்போகாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு விளையாட்டின் டெமோவை வேறொரு விளையாட்டின் பெட்டிக்குள் வைத்து விற்பது ஜப்பானியர் நன்கு அறிந்த உபாயம். 1996-ஆம் ஆண்டில் டோபால் நெ. 1 என்ற சண்டை விளையாட்டோடு ஃபைனல் ஃபேண்டஸி VII-இன் டெமோ வந்தது. 2001-ஆம் ஆண்டில் ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ் என்ற விளையாட்டைப் பலர் வாங்கியது, உள்ளே இருந்த மெட்டல் கியர் சாலிட் 2-இன் டெமோவுக்காகவே. விருந்துக்கு முன்பாக இலையில் வைக்கப்படும் உப்பையும் ஊறுகாயையும் போல இருக்க வேண்டிய டெமோவுக்கே விலை வைத்தவர்களும் உண்டு. கிரான் டூரிஸ்மோ 5-இன் முன்னோட்டப் பகுதி 2007-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முழு விளையாட்டு வந்ததோ 2010-இல். 2014-ஆம் ஆண்டில் தனியாக விற்கப்பட்ட மெட்டல் கியரின் கிரவுண்ட் ஸீரோஸ், அதன் பிரதானப் பகுதியை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்பதனால், கடுமையான வாதப் பிரதிவாதங்களைக் கிளப்பிற்று. அளவு சிறிது, விலையும் அதற்கேற்பச் சிறிது என்று முன்கூட்டியே சொல்லி விற்றால் அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாதிரியின் முதல் தர்மம் பணமில்லாதவரும் தொட்டுப் பார்க்கலாம் என்பதே. அதை இழந்தபின் அதற்கு வேறு பெயர்தான் சூட்ட வேண்டும்.

பொதுமக்கள் கைக்கே வராத டெமோக்களும் இருக்கின்றன. விளையாட்டை உண்டாக்குவோர், பணம் போடும் நிறுவனத்தாருக்குக் காட்டுவதற்காக, இறுதி உருவத்தில் இருக்கவேண்டிய படம், ஒலி, ஆட்டமுறை யாவும் நிறைந்த ஒரே ஒரு சிறு பகுதியை முதலில் முடித்துக் கொடுப்பது வழக்கம். ஒரகடத்து மோட்டார்க் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாம்பிள் பீஸ் அங்கீகாரம் பெறுகிற வரையில் மொத்த உற்பத்திக்கான ஆர்டர் கைக்கு வராது. பட்டறையில் அங்கீகாரம் பெற்ற சாம்பிளுக்கும் பின்னர் அனுப்பும் சரக்குக்கும் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். கண்காட்சி மேடைகளில் காட்டப்படும் விளையாட்டுகளுக்கோ அத்தகைய நிர்ப்பந்தம் கிடையாது. 2005-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இ3 கண்காட்சியில் கில்ஸோன் 2 விளையாட்டுக்காகக் காட்டப்பட்ட காட்சி, பிளேஸ்டேஷன் 3 யந்திரத்தில் ஓடியதன்று, முன்பே தீட்டி வைத்த சலனப்படம் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் வெளியான ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ், முன்பு காட்டிய டெமோவைப்போல் இல்லை என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கே தொடுக்கப்பட்டது. காட்டியது வேறு, விற்றது வேறு என்ற குற்றம் எந்தப் பண்டத்தில் நேர்ந்தாலும் ஒன்றுதான். ஆடிப் பார்க்க முடியாதபடி தூரத்தில் நிறுத்திக் காட்டப்படும் டெமோவில் அது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம்.

தொழில்நுட்பத்தின் பெருமையைக் காட்டுவதற்கென்றே வெளியாகும் டெமோக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டில் ஒளியும் நிழலும் கண்ணுக்கு இயற்கையாகத் தோன்றச் செய்யும் புதிய முறையைக் காட்ட வால்வ் வெளியிட்ட லாஸ்ட் கோஸ்ட் இத்தகையது. அது எதையும் விற்க வரவில்லை, வித்தையைக் காட்டவே வந்தது. பீட்டா என்று வெளிவரும் முற்றுப்பெறாத பிரதிகளையும், முடியாத விளையாட்டைப் பணம் பெற்றுக்கொண்டு முன்னதாகவே கொடுக்கும் முறையையும் டெமோவோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது. டெமோ முடிந்த பண்டத்தின் மாதிரி. பீட்டாவோ ஆடுகிறவரிடமிருந்து பிழைதிருத்தும் உழைப்பைக் கேட்கிறது.

எல்லா வகைகளுக்கும் அப்பால் தனித்து நிற்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி, ஜெர்மனியில் நடந்த கேம்ஸ்காம் கண்காட்சியின்போது, பிளேஸ்டேஷன் 4-இல் பி.டி. என்ற சிறிய விளையாட்டு விலையின்றி வெளிவந்தது. ஒருவரும் கேள்விப்படாத ஒரு ஸ்டூடியோவின் பெயர் அதில் இருந்தது. ஒரு வீட்டின் நடை. அதன் கோடியில் ஒரு கதவு. கதவைத் திறந்து வெளியேறினால் மீண்டும் அதே நடையின் தொடக்கம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சிறிதே மாறியிருக்கும். ரேடியோ பேசும், விளக்கு ஆடும், குளியலறைக்குள் ஏதோ அழும். முடிச்சுகளை அவிழ்த்து இறுதிக்கு வந்தவர்களுக்கு, இது சைலண்ட் ஹில் வரிசையில் வரப்போகும் புதிய விளையாட்டின் அறிவிப்பு என்பதும், அதை இயக்குகிறவர்கள் விளையாட்டு அமைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் சினிமா இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த விளையாட்டு வரவே இல்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோனாமி நிறுவனம் அதைக் கைவிட்டது. அம்மாதம் 29-ஆம் தேதி பி.டி.யும் கடையிலிருந்து அகற்றப்பட்டது. முன்பே இறக்கி வைத்திருந்த யந்திரங்களை மிகையான விலை சொல்லி விற்க முற்பட்டவர்கள் உண்டு. பண்டமே இல்லாத நிலையில் அதன் மாதிரி மட்டும் ஒரு முழுப் படைப்பாக நின்று, பிற்காலத்துத் திகில் விளையாட்டுகள் பலவற்றுக்கு ஆசானாயிற்று. அத்தகைய படைப்பைக் காகிதப் புத்தகத்தைப்போல நூலகத்தில் பாதுகாக்க வழியின்றி, ஒரு நிறுவனத்தின் முடிவால் மறையவிட்டது இக்கலைக்கு நேர்ந்த நஷ்டம் என்றே கருதுகிறேன்.

இவ்வளவு பயன் தரும் டெமோ ஏன் இடையில் அருகிப்போயிற்று என்ற கேள்விக்கு விடை வியாபாரக் கணக்கில் இருக்கிறது. ஜெஸ்ஸி ஷெல் என்ற விளையாட்டு அமைப்பாளரும் பேராசிரியருமானவர் 2013-ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டில், டெமோ வெளியிட்ட விளையாட்டுகளைவிட, ஆவலைத் தூண்டும் முன்னோட்டப் படத்தை மட்டும் வெளியிட்டு டெமோவைத் தராத விளையாட்டுகளே அதிகம் விற்றன என்று புள்ளிவிவரத்தோடு எடுத்துக் காட்டினார். ஆடிப் பார்த்தவர்களில் பலர் இது நமக்கு வேண்டாம் என்று தீர்மானித்துவிடுகிறார்கள் என்பதே அதன் உட்பொருள். விற்பவருக்கு அது நஷ்டமாயிருக்கலாம். வாங்குகிறவருக்கோ அது பணம் மிச்சமான லாபம். டெமோவைத் தனியே வெட்டித் தயாரிப்பதற்கும் ஆள்பலமும் மாதங்களும் செலவாகும் என்பதும் உண்மையே.

அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வந்தவைதான் இன்று கைபேசிகளில் நிறைந்திருக்கும் இலவச விளையாட்டுகள். வல்லம் வடகாலில் 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க பெரிய விடுதியைப்போல இந்த வட்டாரமெங்கும் பெருகிவரும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும், ஓய்வு நேரத்தின் பெரும்பகுதி கைபேசித் திரையில் கழிகிறது. இறக்கிக்கொள்ள விலையில்லை என்பதால் அந்த விளையாட்டுகளை டெமோக்களின் வாரிசு என்று சிலர் சொல்லுவதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. டெமோவுக்கு ஒரு கரை உண்டு. கரையில் நின்று, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே ஒரு முறை யோசித்து முடிவு செய்துவிடலாம். இலவச விளையாட்டுகளில் பலவற்றுக்கோ கரை கிடையாது; இன்று ஒரு சக்தி, நாளை ஓர் உடை, மறுநாள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு தொகை என்று சில்லறை சில்லறையாகக் கேட்டுக்கொண்டே இருப்பதனால், மொத்தத்தில் என்ன விலை கொடுத்தோம் என்பது மாதக் கடைசியில்கூட ஆடியவருக்குத் தெரிவதில்லை. மாதச் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்பி, தமக்கும் வைத்துக்கொள்ளுகிற பிள்ளைகளுக்கு, ஒரே தொகை கேட்டு அதற்குமுன் ஒன்பது கட்டம் இலவசமாகத் தந்த பழைய முறையே பாதுகாப்பானது.

மகிழ்ச்சி தரும் செய்தி, அந்த முறை மீண்டும் தழைத்துவருகிறது என்பதே. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற கடை 2015-ஆம் ஆண்டு ஜூன் முதல், வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பித் தருகிறது. அதே கடை 2021-ஆம் ஆண்டு முதல் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற பெயரில் ஆண்டுக்கு மூன்று முறை, ஒரு வாரம்போல, வரப்போகும் விளையாட்டுகளின் டெமோக்களைத் திருவிழாவாக நடத்துகிறது. நூற்றுக்கணக்கான டெமோக்கள் அதில் விலையின்றிக் கிடைக்கின்றன. விளம்பரத்துக்குக் கோடிகள் செலவிட முடியாத சிறு குழுவினருக்கு இதைவிடச் சிறந்த மேடை இல்லை. நம் நாட்டவருக்கும் இது பெரிதும் பயன்படக்கூடியது. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழுவினர், இந்தியப் புராணச் சூழலில் ஒரு பெண்ணை வீராங்கனையாக்கி ராஜி என்ற விளையாட்டை இயற்றி 2017-ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, ஆடிப் பார்க்க ஒரு டெமோவையும் முன்வைத்தார்கள். கேட்ட தொகை சேரவில்லை. ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடாமல் உழைத்து, 2020-ஆம் ஆண்டில் அந்த விளையாட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தமிழருக்கு இன்னும் நெருக்கமானது வெண்பா. கனடாவில் வளர்ந்த தமிழரான அபி என்பவரின் தலைமையில் டொரொண்டோ நகரத்து விசை கேம்ஸ் இயற்றிய இந்த விளையாட்டு, 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியாகச் சொல்லுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியாகி, அடுத்த ஆண்டில் பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதையும், சுதந்திர விளையாட்டு விழாவான ஐ.ஜி.எஃப்.-இன் தலைமைப் பரிசையும் பெற்றது. இதை முழுவதும் ஆடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற விதி இத்தகைய சிறு படைப்புகளுக்குச் சற்றே அநீதி செய்கிறது. முழுவதையும் அனுபவித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் இடம் இருக்கிறது. ஆகையால் பெரிய விளையாட்டுகளைவிடச் சிறிய விளையாட்டுகளுக்கே நல்ல டெமோ அவசியமாகிறது. நீளம் குறைந்த கதையில் எந்தப் பகுதியை வெளியே எடுத்துக் காட்டுவது என்பது கடினமான கேள்விதான். ஆனால் வெண்பாவின் முதல் அத்தியாயம் அதற்கு விடை சொல்லுகிறது. தாயிடமிருந்து வந்த, சிதைந்துபோன சமையற் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதாநாயகியான வெண்பா இட்லி வார்க்க வேண்டும். குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஆடுகிறவரே ஊகிக்க வேண்டும். தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் சீராகச் செல்லும் என்பதைச் செய்து பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து பத்து நிமிஷங்களுக்குள் இந்த விளையாட்டின் மனமும் கையும் இன்னவை என்று தெரிந்துவிடுகின்றன, கதையின் ரகசியம் ஒன்றும் வெளிப்படுவதில்லை. சென்னையிலோ செங்கற்பட்டிலோ ஒரு தமிழ் விளையாட்டை இயற்றத் தொடங்குகிறவர்கள், வேலையின் முதல் வருஷத்திலேயே அத்தகைய ஓர் அத்தியாயத்தைத் தமிழ் எழுத்துகளோடும் தமிழ்க் குரலோடும் முடித்து, விலைகுறைந்த கைபேசியிலும் ஓடும்படி செய்து, இந்தச் சாலையின் ஷிப்ட் பஸ்களில் போகிறவர்களிடமே முதலில் கொடுத்து அபிப்பிராயம் கேட்கலாம்.